ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி450 மதர்போர்டு வைத்திருக்கிறேன். 40 ஆயிரத்துக்குள் கேமிங்குக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

கேள்வியைப் படித்ததும் என் கண் பிராசஸர் பெயரில்தான் போய் நின்றது. 2021-ல் நான் போட்ட கம்ப்யூட்டரும் கிட்டத்தட்ட இதேதான். அப்போது கார்டு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 5600ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் அதை வாங்கினோம். இப்போது அந்த "பிறகு" வந்துவிட்டது, இல்லையா?

நேராகச் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதிலும் 16 ஜிபி மெமரி உள்ளதைத் தேடுங்கள். இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது. பெட்டியிலும் பில்லிலும் 16 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் பி450 போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, அதாவது 4.0, 5.0-க்கு முந்தைய, வேகம் குறைந்த தலைமுறை. போர்டை பி550-க்கு மாற்றினாலும் பயனில்லை, 5600ஜி-க்கே 3.0 வரைதான் தெரியும். இந்த விலையில் கிடைக்கும் பல கார்டுகள், ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600, இன்டெல் பி580 எல்லாமே, ஸ்லாட்டின் 16 லேன்களில் (டேட்டா போய்வரும் பாதைகளில்) எட்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் ஒவ்வொரு லேனும் வேகமாக இருப்பதால் எட்டே போதும். நம் போர்டில் எட்டு லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபி-க்கும் சற்றுக் குறைவுதான்.

கார்டின் மெமரிக்குள் கேம் அடங்கியிருக்கும் வரை இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மெமரி நிரம்பி வழியும்போதுதான் சிக்கல். ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த மெமரியோடு நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசுகிறது. அதில் இடம் போதாமல் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து எடுக்க ஆரம்பித்தால், அந்த 8 ஜிபி வாய்க்கால் வழியாகத்தான் எல்லாம் வர வேண்டும்.

இதை நான் அனுபவித்தேன். முதலில் நான் வாங்கியது எட்டு லேன் உள்ள ஒரு 8 ஜிபி கார்டு. பெரிய கதை கேம் ஒன்றில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படத் தரத்தை) ஹையில் வைத்து ஆடினால் அரை மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் ஊருக்குள் நுழையும்போதெல்லாம் படம் அப்படியே நின்று நின்று வரும். மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை 70 என்று காட்டிக்கொண்டே இருக்கும்! டிரைவரை மாற்றினேன், விண்டோஸை மறுபடி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நண்பன் வீட்டில் பி550 போர்டும் 5600-ம் (ஜி இல்லாதது, அதற்கு 4.0 தெரியும்) இருந்தன. அதில் இதே கார்டை மாட்டியபோது தடங்கல் பாதிக்கும் மேல் குறைந்தது. அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

9060 எக்ஸ்டி 16 லேன்களையும் பயன்படுத்துகிறது, மெமரியும் 16 ஜிபி. இரண்டு பக்கமும் கவலை இல்லை. 1080பி திரைக்கு இது அதிகம் என்று சிலர் சொல்வார்கள். நாளைக்கு 1440பி மானிட்டர் வாங்கினால் ஏறக்குறைய 21 லட்சம் பிக்சல் 37 லட்சமாகிவிடும். அப்போதும் இந்தக் கார்டு கைகொடுக்கும்.

பிளெண்டரில் 3டி வேலை, ஏஐ வேலை என்று ஏதாவது செய்வீர்களா? அப்படியானால் என்விடியா (ஆர்டிஎக்ஸ் கார்டுகள்) பக்கம் போவதே சரி. பல மென்பொருள்கள் என்விடியா கார்டில் மட்டும் ஓடும் கூடா (CUDA) தொழில்நுட்பத்தை நம்பியே இருக்கின்றன. ஆனால் 5060 டிஐ-யில் 16 ஜிபி உள்ளதை மட்டும் பாருங்கள். வெளியானபோதே அதன் விலை 429 டாலர், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 349 டாலர். உங்கள் பட்ஜெட்டில் அது இடிக்கும். இன்டெல் பி580-ல் 12 ஜிபி இருந்தாலும் கொஞ்சம் பழைய பிராசஸரோடு அது சோர்ந்துவிடுகிறது, உங்களுக்கு வேண்டாம். வேலரண்ட் போன்ற இலகுவான ஆன்லைன் கேம் மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் இவ்வளவு பணமே தேவையில்லை, அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸர்தான்.

பணம் குறைவாக இருந்தால் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல தேர்வு. அதற்கும் 16 லேன் உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்ற பிறகு சந்தைக்கு வந்த கார்டுகளில் இரவு பகலாக ஓடியவை நிறைய. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, தெரிந்தவரிடம் வாங்கினாலும் சரி, கண் முன்னே இருபது நிமிடமாவது ஒரு கேமை ஓட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேபினட்டோடு இலவசமாக வந்தது என்றால் தயவுசெய்து அதில் புதுக் கார்டை மாட்டாதீர்கள். கார்டு குடிப்பது 160 வாட்தான், ஆனால் நம் ஊர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் புரோன்ஸ் (80 Plus Bronze) என்ற மின்சிக்கனச் சான்று பெற்ற 550 வாட் ஒன்று வாங்க அந்த 40 ஆயிரத்திலேயே இடம் ஒதுக்குங்கள்.

கார்டு வந்ததும் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்து, கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் என்பதை ஆன் செய்யுங்கள். மானிட்டர் கேபிள் இதுவரை மதர்போர்டில் இருந்திருக்கும், பழக்கத்தில் அங்கேயே விட்டுவிடாமல் கழற்றிக் கார்டில் சொருகுங்கள். டிஸ்பிளேபோர்ட் கேபிள் இருந்தால் நல்லது. விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் உங்கள் மானிட்டர் தரும் உச்ச ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பது, 144 போன்றது) தேர்ந்தெடுத்தபின் ஆட ஆரம்பிக்கலாம்.