மேடையின் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்

புதிய வீட்டில் திறந்த சமையலறையும் வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையும் கைப்பிடியில்லாத அலமாரிக் கதவுகளும் அமைத்தால் நம் சமையலுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதமே வேலையைத் தொடங்கவேண்டிய அவசரத்தில் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் மதுரையில் அப்படித்தான் தொடங்கினோம்.

எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் மாமியாருடையது. அவருடைய உயரம் 4 அடி 10 அங்குலம். பழைய வீட்டின் கடப்பைக்கல் மேடை 30 அங்குல உயரத்தில் இருந்தது. புது வீட்டிற்கு வரைபடம் கொண்டுவந்த வடிவமைப்பாளர் 36 அங்குலம் என்று போட்டிருந்தார். கேட்டபோது, "அதுதான் ஸ்டாண்டர்ட் அளவு மேடம்" என்றார். அந்த மேடை அத்தையின் முழங்கை மட்டத்திற்கு வந்தது. அதன்மேல் அடுப்பு நான்கு அங்குலம், அதற்கும் மேல் வாணலி என்றால், உள்ளே கிளறுவதற்கு அவர் தோளை உயர்த்தியாக வேண்டும். குடிபுகுந்த இரண்டாம் வாரம் அவர் என்னிடம், "காலுக்கு ஒரு மணைப் பலகை போட்டுக் கொடும்மா, ஏறி நின்னு கிளறிக்கிறேன்" என்றார். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் ஓர் எழுபது வயதுப் பெண்மணி பலகைமேல் நிற்பதைப் பார்த்த அன்று எனக்கு வேலைக்குப் போக மனம் வரவில்லை.

நின்றபடி முழங்கையை மடித்து, அதற்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் கைக்கு வசதி என்பது பொதுவான கணக்கு. அடுப்பு வைக்கும் பகுதி இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். இறுதியில் அடுப்பு இருந்த மூன்றரை அடி அகலத்தை மட்டும் உடைத்து, 30 அங்குலத்தில் கருப்புக் கிரானைட் போட்டோம். மேடை இரண்டு மட்டமாகத் தெரிகிறதே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அத்தை தரையில் நின்று சமைக்கிறார்.

இன்றைய மாடுலர் சமையலறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. வேலை செய்பவரின் நடையையும் கையசைவையும் குறைப்பதே அதன் நோக்கம். உட்கார்ந்து வேலை செய்ய அதில் ஒரு சுழல் முக்காலியும் இருந்தது. அந்த மரபில் வந்த அலமாரிகளை விற்பவர்கள், வீட்டில் சமைப்பவர் யார், அவர் உயரம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் வரைபடத்தை நீட்டுவதுதான் என் ஆற்றாமை. கேள்வி முழுவதும் பணம் கொடுப்பவரிடமே கேட்கப்படுகிறது.

பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இழுவை அறைகளை நான் மனமார வரவேற்கிறேன். அடியில் கிடக்கும் குக்கரை எடுக்க மண்டியிட்டு அலமாரிக்குள் தலையை நுழைத்த காலம் அதோடு போயிற்று. கைப்பிடியில்லாக் கதவும் நல்லதுதான், விளிம்புப் பள்ளத்தில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கை வாரம் ஒருமுறை துடைக்க முடியுமானால். சிங்க்குக்குக் கீழே மட்டும், மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டை அனுமதிக்காதீர்கள். குழாய் இணைப்பில் ஒரு சிறு கசிவு, எங்கள் பலகை எட்டே மாதத்தில் ஊறி உப்பிவிட்டது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர அளவின் முத்திரையுள்ள மரைன் பிளைவுட் என்று கேட்டு வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அதன் ஒட்டுப் பிரியக்கூடாது என்பது அந்தத் தர அளவின் சோதனை.

திறந்த சமையலறையைப் பொறுத்தவரை, மிளகாய் வற்றல் தாளிக்கும் வீட்டில் எவ்வளவு நல்ல சிம்னி போட்டாலும் நெடி கூடத்திற்கு வரும். குழாய் நீளமாகவோ பல வளைவுகளோடோ போனால் சிம்னியின் இழுவிசை இன்னும் குறையும். நடுவில் கண்ணாடி நகர்கதவு வைப்பது இப்போது பரவி வருகிறது. இடமிருந்தால் அதைச் செய்யுங்கள்.

வெள்ளைக் குவார்ட்ஸ் பார்க்க அழகு, கறையும் எளிதில் ஊறாது. ஆனால் அது முழுக்கல் அன்று. அரைத்த குவார்ட்ஸைப் பிசினோடு சேர்த்து இறுக்கிச் செய்த பலகை, அந்தப் பிசின் கடும் சூட்டைத் தாங்காது. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி நான் நேராக மேடையில் வைத்த ஒரே நாளில் விழுந்த மஞ்சள் வட்டம், எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. எங்கள் குவார்ட்ஸ் பலகையை வீட்டு வாசலில் வைத்து, தண்ணீர் விடாமல் அறுத்தார்கள். அறுத்த பையனின் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. முகத்தில் கைக்குட்டை ஒன்றுதான் கட்டியிருந்தான். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிவிடும் என்பதும், தொழிலாளர்களுக்கு வந்த சிலிக்கோசிஸ் நோயின் காரணமாக ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்தப் பையனுக்கு நான் தேநீர் மட்டும் கொடுத்தேன்.