ட்ராம்பே பக்கத்துல வீடு, கூடங்குளம் பக்கத்துல ஊரு: வாசகர் கேள்வி-பதில்

அணு மின்சாரம் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம், செம்பூர் தாராவி மாதுங்கா பாண்டுப் போய்சர்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் கேள்வி வந்துச்சு. நான் கதிர்வீச்சு பாதுகாப்பு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், அதனால ஆசிரியர் இந்த இதழ் பதிலை என்கிட்ட ஒப்படைச்சிருக்கார்.

கே: எங்க மாடில நின்னா ட்ராம்பே மலை தெரியும். அங்க ரியாக்டர் வெடிச்சா ஹிரோஷிமா மாதிரி மும்பையே காலின்னு சொசைட்டி குரூப்ல ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு. நிஜமா சார்? (செம்பூர் வாசகி)

இல்லம்மா, ரியாக்டர் அணுகுண்டு மாதிரி வெடிக்காது. குண்டுக்கு யுரேனியம்-235 கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கணும், பூமிலேர்ந்து எடுக்கற யுரேனியத்துல அது வெறும் 0.7 சதவீதம்தான், நம்ம நாட்டு உலைகள்ல முக்கால்வாசி கனநீர் உலைகள், அதை அப்படியே எரிக்குது, கூடங்குளத்துக்கும் தாராப்பூர்ல பழைய ரெண்டு யூனிட்டுக்கும் கொஞ்சம் செறிவூட்டினது, அதாவது 235ஓட பங்கை கூட்டினது வேணும், ஆனா அதுவும் 5 சதவீதத்தை தாண்டாது. ட்ராம்பேல இருக்கற அணு உலைகள்ல கரண்டே எடுக்கறதில்ல. 1956ல ஆசியாவோட முதல் உலையா அப்சரா அங்கதான் ஓட ஆரம்பிச்சுது, 1985லேர்ந்து துருவா இருக்கு, ஆராய்ச்சிக்கும் மருத்துவ ஐசோடோப்புக்கும் இதெல்லாம் பயன்படுது. ஒளிக்காம இதையும் சொல்லிடறேன், 1974 பொக்ரான் சோதனைக்கு புளுட்டோனியம் ட்ராம்பேல இருந்த சைரஸ் உலைலேர்ந்துதான் போச்சு. பரேல்ல தைராய்டு கேன்சருக்கு அயோடின்-131 குடுத்து குணமாக்கறதும் இதே துறைதான்.

வெடிக்காதுன்னா ஆபத்தே இல்லன்னு அர்த்தம் இல்லம்மா. ஆபத்து சூட்டுல இருக்கு, அடுத்த கேள்விக்கு அதைத்தான் சொல்லப்போறேன்.

கே: எனக்கு சொந்த ஊரு ராதாபுரம் பக்கம், அம்மா அப்பா அங்கதான் இருக்காங்க, நான் தாராவில வந்து இருபது வருஷம் ஆச்சு. ஜப்பான்ல நடந்தது கூடங்குளத்துல நடந்தா எங்க ஆளுங்க கதி என்ன? எல்லாம் பாதுகாப்புன்னு சொல்றவங்களை எனக்கு நம்ப முடியல. (தாராவி வாசகர்)

தம்பி, உங்க கேள்விய படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன், அதனால இதுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல ஃபுகுஷிமாவுல என்ன ஆச்சுன்னு பாருங்க. 2011 மார்ச் 11, பூகம்பம் வந்ததும் ஓடிக்கிட்டிருந்த உலையெல்லாம் தானாவே நின்னுருச்சு, அது வரைக்கும் சரியாத்தான் நடந்துச்சு. ஆனா அணு உலைய ஆஃப் பண்ணினாலும் சூடு உடனே போயிடாது, அணைச்ச அடுப்புல கரி கனன்னுகிட்டே இருக்கற மாதிரி, நிறுத்தின நொடில முழு வெப்பத்துல 6, 7 சதவீதம் வந்துகிட்டே இருக்கும், நாள் கணக்குல தண்ணி ஓட்டிக்கிட்டே இருக்கணும். தண்ணி ஓட பம்ப் வேணும், பம்புக்கு கரண்டு வேணும், வெளி லைன் பூகம்பத்துல போச்சு, டீசல் ஜெனரேட்டர்களை 14 மீட்டர் உயர அலை முக்கிடுச்சு. அவ்வளவுதான், மூணு உலையோட எரிபொருளும் உருகிப்போச்சு.

நம்ம நாட்டுல இந்த மாதிரி கரண்டு மொத்தமா போன நாள் ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. 1993 மார்ச் 31, உத்தரப்பிரதேசத்துல நரோரா. டர்பைன் பிளேடு உடைஞ்சு தீப்பிடிச்சுது, மெயின் கேபிளும் பேக்கப் கேபிளும் பக்கத்து பக்கத்துல போனதால ரெண்டும் சேர்ந்து எரிஞ்சுது, சுமார் 17 மணி நேரம் பிளான்ட் முழுக்க இருட்டு. அந்த இருட்டுல ஆளுங்க டார்ச் லைட்ட வெச்சுக்கிட்டு உலை கட்டடத்துல மேல ஏறி, கையால வால்வ திறந்து போரான் கரைசல விட்டாங்க, உலை மறுபடி உயிர்பிடிச்சிடக்கூடாதுன்னு. கதிர்வீச்சு வெளில வரல. அவங்க பேரெல்லாம் நம்ம பிள்ளைங்க பாடப்புத்தகத்துல இருக்கணும்னு நான் மனசார நினைக்கிறேன்.

இனி கூடங்குளம். அங்க இருக்கறது ரஷ்ய டிசைன், 1000 மெகாவாட் ரெண்டு யூனிட் ஓடுது, இன்னும் நாலு கட்டிக்கிட்டிருக்காங்க. கரண்டே இல்லன்னாலும் காத்தோட்டத்துலயே சூட்டை வெளியேத்தற ஏற்பாடு இருக்கு, எரிபொருள் உருகினா கீழ பிடிச்சு வைக்க கோர் கேட்சர்னு ஒரு தொட்டி இருக்கு. இது ரெண்டும் ஃபுகுஷிமாவுல இல்ல. சுனாமின்னா, 2004ல கல்பாக்கத்துல கடல்தண்ணி பம்ப் ஹவுஸ்க்குள்ளயே வந்துச்சு, ஓடிக்கிட்டிருந்த யூனிட்ட பத்திரமா நிறுத்திட்டாங்க.

அப்போ நம்பலாமான்னா, மெஷினை நான் பெருமளவு நம்பறேன் தம்பி, மறைக்கற பழக்கத்தை நம்பல. 2019 அக்டோபர்ல கூடங்குளம் கம்ப்யூட்டர்ல வைரஸ்னு செய்தி வந்தப்போ அப்படி எதுவும் இல்லன்னு மறுத்தாங்க, மறுநாளே அணுமின் கழகம் ஆமா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, ஆனா அது ஆபீஸ் வேலைக்கான நெட்வொர்க்ல, உலைய ஓட்டற சிஸ்டத்துல இல்லன்னு ஒத்துக்கிச்சு. விஷயம் சின்னதா இருக்கலாம், ஆனா முதல் நாள் மறுப்பு இருக்கே, அந்த மாதிரி பழக்கம்தான் அதுக்கு பல வருஷம் முன்னாடியே உலைக்கு எதிரா போராடின இடிந்தகரை ஜனங்களை கேள்வி கேக்க வெச்சுது, கேள்வி கேட்ட ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு போட்டது எந்த வகைலயும் நியாயமில்ல. 2013 மே மாசம் சுப்ரீம் கோர்ட் உலைய ஓட்ட அனுமதி குடுத்தப்போ கூடவே 15 கட்டளை போட்டுது. ஊருக்கு போறப்போ பஞ்சாயத்துல போய் கேளுங்க, எமர்ஜென்சி ஒத்திகை கடைசியா எப்போ நடந்துச்சு, எங்க கூடணும், எந்த ரோடு வழியா வெளியேறணும்னு. உலைய சுத்தி 16 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் அந்த பிளான் இருக்கணும், உங்கம்மாவுக்கு அது தெரியலன்னா அந்த பிளான் பேப்பர்ல மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம்.

கே: மருமகன் தாராப்பூர் பிளான்ட்ல வேலை பாக்கறார். பொண்ணு இப்போ மாசமா இருக்கா. அவர் டிரெஸ்ல கதிர்வீச்சு ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருமா? (போய்சர் வாசகி)

உங்க பயம் நியாயம்தான், ஆனா தைரியமா இருங்கம்மா. உள்ள போறப்போ அவர் நெஞ்சுல டிஎல்டி பேட்ஜ்னு ஒண்ணு குத்திக்குவார், தீப்பெட்டி சைஸ்ல இருக்கும், எவ்வளவு கதிர்வீச்சு பட்டுச்சுன்னு அது சேத்து வெச்சுக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து ரீடிங் பார்ப்பாங்க. வேலை முடிஞ்சதும் உள்ள போட்ட டிரெஸ், ஷூ எல்லாம் அங்கேயே கழட்டணும், கை காலை மானிட்டர்ல வெச்சு காட்டணும், கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தாலும் அலாரம் அடிக்கும், கழுவி மறுபடி காட்டினாத்தான் வெளிய விடுவாங்க. அவருக்கு அனுமதிச்ச வரம்பு அஞ்சு வருஷ சராசரில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்புல பட்ட கதிர்வீச்சை அளக்கற அலகு), எந்த ஒரு வருஷமும் 30ஐ தாண்டக்கூடாது, பொதுமக்களுக்கு 1. நாம எல்லாரும் மண்ணுலேர்ந்தும் வானத்துலேர்ந்தும் வருஷத்துக்கு சுமார் 2.4 வாங்கிக்கிட்டுதான் இருக்கோம், மணவாளக்குறிச்சி மாதிரி, இயற்கையாவே கதிர்வீச்சு உள்ள மோனசைட் மணல் இருக்கற கடற்கரைல அதை விட கூட. அவரோட டோஸ் ரெக்கார்டை கேட்டு வாங்கி பார்க்கச் சொல்லுங்க, அது அவர் உரிமை.

கே: சோலார்தான் இவ்வளவு சீப் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு அணு உலை? (மாதுங்கா, இன்ஜினியரிங் மாணவர்)

பகல்ல சோலார்தான் சீப்பு, அதுல சந்தேகமே இல்ல, கூரை கிடைக்கற எல்லா இடத்துலயும் போடணும். ஆனா மும்பைல ராத்திரி 10 மணிக்கு ஏசி ஓடுதே, அந்த நேரத்து கரண்டு எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. பெரும்பகுதி நிலக்கரி. தஹானுல ஒரு அனல்மின் நிலையம், நம்ம ட்ராம்பேலயே ஒண்ணு, செம்பூர் மாஹுல் பக்கம் இருக்கறவங்களுக்கு அந்த காத்து எப்படி இருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். நிலக்கரி புகைல சாகறவங்களுக்கு ஒரு நாள் கூட தலைப்புச்செய்தி கிடைக்கறதில்ல, அது எனக்கு பெரிய ஆதங்கம். ஒரு யூனிட் கரண்டுக்கு சுரங்கத்துலேர்ந்து எல்லாம் கணக்கு பண்ணினா நிலக்கரில சுமார் 820 கிராம் கார்பன் டை ஆக்சைடு, அணுவுல சுமார் 12 கிராம்னு ஐநாவோட காலநிலை குழு 2014ல சொல்லியிருக்கு. கர்நாடகால கைகா முதல் யூனிட் 2018ல முடிஞ்ச ஓட்டத்துல 962 நாள் நிக்காம ஓடிச்சு, வெயிலும் காத்தும் அப்படி தொடர்ந்து குடுக்காது.

ஆனா பணமும் காலமும்தான் அணுவோட பெரிய பலவீனம், அதை நீங்க கெட்டியா பிடிச்சுக்கோங்க. கூடங்குளத்துல 2002ல கான்கிரீட் போட ஆரம்பிச்சு முதல் யூனிட் வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31. கல்பாக்கம் ஈனுலை, அதாவது எரிக்கறதை விட அதிகமா எரிபொருள் உண்டாக்கற உலை, அதை 2010ல முடிச்சிடுவோம்னு 2004ல ஆரம்பிச்சாங்க, உலையோட மையத்தை நிரப்பற வேலை ஆரம்பிச்சதே 2024 மார்ச்ல. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நாட்டோட மொத்த கரண்டுல அணு சுமார் 3 சதவீதம்தான். சோலார், பேட்டரி, நிலக்கரிய குறைக்க கொஞ்சம் அணு, மூணும் சேர்ந்து வேணும்னுதான் நான் சொல்வேன்.

கே: கழிவை என்ன பண்றாங்க? தாராப்பூர்ல இடம் குடுத்தவங்களுக்கு என்ன கிடைச்சுது? (பாண்டுப் வாசகர்)

கழிவு அளவுல ரொம்ப கம்மி, ஆயுசுதான் ஜாஸ்தி. எரிஞ்ச எரிபொருள முதல்ல வருஷக்கணக்குல தண்ணிக்குள்ள வைப்பாங்க, அப்புறம் புளுட்டோனியத்தை பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தை கண்ணாடியோட உருக்கி எஃகு டப்பால ஊத்தி வைப்பாங்க, தாராப்பூர்லயும் ட்ராம்பேலயும் இந்த வேலை நடக்குது. புளுட்டோனியம்-239 பாதியா குறையவே 24,000 வருஷம். பின்லாந்துல ஓல்கிலுவோட்டோ பாறைல 400 மீட்டருக்கும் கீழ சுரங்கம் தோண்டியிருக்காங்க, நம்மகிட்ட அப்படி நிரந்தர இடம் இல்ல. பேரப்பிள்ளைங்க பார்த்துக்கட்டும்னு விட்டுட்டோம், அது தப்பு.

அக்கர்பட்டி, போஃபரண் ரெண்டு ஊரும் தாராப்பூர் 3வது, 4வது யூனிட்டுக்காக காலி ஆச்சு. மீனவ ஜனங்க, கடல்தான் அவங்க சாப்பாடு, மறுவாழ்வு சரியா கிடைக்கலன்னு வருஷக்கணக்கா கோர்ட் ஏறி இறங்கினாங்க. அவங்க கரையில செய்யற மின்சாரத்துலதான் மகாராஷ்டிரா குஜராத் ரெண்டும் விளக்கேத்துது, அடுத்து புது அணுமின் நிலையத்துக்காக ஜைதாப்பூர்ல நிலம் குடுத்த ஜனங்களும் இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க.

கே: அயோடின் மாத்திரை வாங்கி வீட்ல வெச்சுக்கலாமா? (வடாலா வாசகி)

வேண்டாம்மா. அந்த மாத்திரைல இருக்கற பொட்டாசியம் அயோடைடு தைராய்டுக்குள்ள அயோடின்-131 போகாம தடுக்கும், அவ்வளவுதான், வேற எந்த கதிர்வீச்சையும் தடுக்காது. செர்னோபில்ல அந்த அயோடின் விழுந்த புல்லை மாடு தின்னு, அந்த பாலை குழந்தைங்க குடிச்சுத்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்கு பின்னால தைராய்டு கேன்சர் வந்துச்சு, அதனால குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்தான் இது முக்கியம். அதிகாரிங்க சொல்ற நேரத்துல, சொல்ற அளவுதான் சாப்பிடணும். காயத்துக்கு போடற டிங்ச்சர் அயோடினை எக்காரணம் கொண்டும் குடிக்கக்கூடாது, அது விஷம். கதிர்வீச்சு கசிஞ்சிருக்குன்னு அறிவிப்பு வந்தா ஜன்னல சாத்திட்டு வீட்டுக்குள்ளயே இருங்க, திறந்து வெச்ச பாலையும் தண்ணியையும் தொடாதீங்க, குரூப்ல வர்றதை விட்டுட்டு ரேடியோல மாவட்ட நிர்வாகம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க.