70 டாலர் வேக்குவமா, 450 டாலர் வேக்குவமா?

தம்பி, உங்கள் கேள்வி நீளம். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட். சமையலறையும் பாத்ரூமும் தவிர மற்ற இடமெல்லாம் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். கடைக்குப் போனால் அப்ரைட் வேக்குவம் (நிமிர்ந்து நிற்கும், கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் தூசி உறிஞ்சும் மெஷின்) 70 டாலருக்கும் இருக்கிறது, 200க்கும் இருக்கிறது, 450க்கும் இருக்கிறது. பெட்டியில் எல்லாம் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது. ஆபீஸ் நண்பர் "டைசன் வாங்கு, கண்ணை மூடிக்கொண்டு" என்கிறார். உங்கள் மனைவி "பெருக்குவதற்கு இவ்வளவு பணமா" என்கிறார். நடுவில் ஒருவர் போன் செய்து, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஓர் அறையை இலவசமாகச் சுத்தம் செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பையனுக்கு அவ்வப்போது வீசிங் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

என் கருத்து இது: 150 முதல் 220 டாலருக்குள், கார்டு (மின்வயர்) உள்ள, காற்று கசியாத ஃபில்டர் உள்ள அப்ரைட் ஒன்றை வாங்குங்கள். 70 டாலர் வேண்டாம், 450 இப்போது தேவையில்லை, சனிக்கிழமை ஆளை வரச் சொல்லவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. நீங்கள் பார்த்த மூன்றிலுமே 10 ஆம்ப், 12 ஆம்ப் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், சாதாரண பிளக் பாயின்ட் 15 ஆம்ப் சர்க்யூட்டில் இருக்கும். அதில் தொடர்ந்து ஓடும் சாதனம் 80 சதவீதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது கணக்கு. அதனால் மலிவான மெஷினும் விலையுயர்ந்த மெஷினும் 12 ஆம்புக்குள்ளேயே வந்து நிற்கின்றன. அது மெஷின் எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு தூசி எடுக்கிறது என்பதை அல்ல. கரண்ட் பில்லைப் பார்த்து மாவு நைஸாக அரைந்ததா என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும்.

கார்ப்பெட்டில் வேலை செய்வது உறிஞ்சும் சக்தி மட்டுமில்லை. அடியில் சுழலும் பிரஷ் ரோல்தான் பாதி வேலையைச் செய்கிறது. நூலுக்குள் இறங்கிய மண்ணைத் தட்டி மேலே கொண்டுவந்தால்தான் காற்று அதை இழுக்கும். வெறும் குழாயை மட்டும் வைத்து இழுத்தால் மேலாக இருக்கும் துணுக்குகள் போகும், அடியில் இருக்கும் மண் அப்படியே கிடக்கும். அப்ரைட் என்ற இந்த அமைப்பே அதற்காக வந்ததுதான். ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் ஒரு கடையைப் பெருக்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர் என்பவருக்கு ஆஸ்துமா. தூசி ஒத்துக்கொள்ளவில்லை. விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, சுழலும் பிரஷ், தூசி பிடிக்க ஒரு தலையணை உறை என்று கையில் கிடைத்ததை வைத்து ஒன்றைச் செய்து 1908இல் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையைத் தோல் சாமான் வியாபாரியான வில்லியம் ஹூவர் வாங்கிப் பெரிய தொழிலாக்கினார். தூசியைத் தட்டி எழுப்புவது, எழுப்பியது திரும்ப மூக்குக்குப் போகாமல் பிடித்து வைப்பது, இந்த இரண்டுக்கும்தான் இன்றைக்கும் காசு. மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கின் கலரும் விளம்பரமும்.

70 டாலர் மெஷின் முதல் வேலையை ஓரளவு செய்துவிடும். புதிதில் கேட்கவே வேண்டாம், நன்றாகவே இழுக்கும். இரண்டாவது வேலையில்தான் கோட்டை விடும். ஃபில்டர் இருக்கும், ஆனால் ஃபில்டரைச் சுற்றி உள்ள மூடிகள் இறுக்கமாக இருக்காது. காற்று சுலபமான வழியில் கசிந்து வெளியேறும், மெல்லிய தூசியும் அதோடு கூடவே போகும். வேக்குவம் போட்ட பிறகு வீட்டில் ஒரு புழுதி வாசனை அடித்தால் அதுதான் காரணம். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இது சரிப்படாது. பெட்டியில் ஹெப்பா என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். "ஹெப்பா டைப்", "ஹெப்பா போன்ற" என்று எழுதியிருந்தால் அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் அசலாகவே இருந்தாலும் மெஷின் முழுக்க சீல் செய்யப்பட்டிருக்கிறதா என்று பெட்டியில் தேடுங்கள்.

200 டாலர் வட்டாரத்துக்கு வந்தால் அந்த சீல் கிடைக்கிறது. ஷார்க் நேவிகேட்டர் போன்றவை இந்த விலையில்தான் ஓடுகின்றன. சில மாடல்களில் தூசி டப்பாவை மோட்டாரோடு கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு சோபா, திரைச்சீலை, மாடிப்படி எல்லாம் செய்யலாம். வாரன்டியும் சில வருஷம் தருவார்கள். வாடகை அபார்ட்மென்ட்டில் போடும் கார்ப்பெட் தரையோடு ஒட்டிய, முடி குட்டையான மலிவு ரகம். அதற்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

450 டாலர் டைசன் மோசமா என்றால் இல்லை. தூசி சேரும் பை இல்லாமல் சுழற்காற்றில் தூசியைப் பிரிக்கும் முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்ததே அவர்கள்தான். 5,127 மாதிரிகள் செய்து பார்த்ததாக ஜேம்ஸ் டைசன் சொல்வார். 1993இல் வந்த முதல் மெஷினிலிருந்து அவர்களின் பெயருக்கே ஒரு விலை உண்டு. திருப்புவது லேசு, ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடலாம். ஆனால் உங்கள் 650 சதுர அடி வீட்டில் 200க்கும் 450க்கும் நடுவே உள்ள வித்தியாசம் கார்ப்பெட்டில் தெரியாது. சொந்த வீடு, முடி கொட்டும் நாய், பெரிய ஹால் என்று வரும்போது அந்தப் பேச்சை எடுக்கலாம். அப்போதும் நான் செபோ மாதிரி பை போடும் ஜெர்மன் மெஷினைத்தான் முதலில் பார்ப்பேன். அவை பெரிய கடைகளில் அதிகம் கண்ணில் படாது. வேக்குவம் மட்டுமே விற்றுப் பழுதும் பார்க்கும் சின்னக் கடைகளில் இருக்கும். விலை இன்னும் கூட. ஆனால் ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கும்.

பை உள்ளதா, இல்லாததா என்பதில் இங்கே பெரிய சண்டையே நடக்கும். பை இல்லாவிட்டால் செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் நம் வீட்டுத் தூசி கொஞ்சம் வேறு. சாமி அலமாரியைச் சுற்றி விபூதி, குங்குமம், ஊதுபத்திச் சாம்பல். வாசலில் கோலமாவு. இவையெல்லாம் மாவு மாதிரி இருப்பதால் பை இல்லாத மெஷினின் ஃபில்டரை நேராகப் போய் அடைக்கும். மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஈரம் துளிகூட இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் பிடிக்கும், மோட்டாரும் கெடும். தூசி டப்பாவைக் காலி செய்வது இன்னொன்று. குப்பைத்தொட்டியில் தட்டும்போது எழும் புகை இருக்கிறதே, அதைப் பிள்ளை இருக்கும் அறையில் செய்யாதீர்கள். டப்பாவை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு, கவரின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்து, தூசி அடங்கிய பின் எடுங்கள். வீசிங் அடிக்கடி வருகிறது என்றால் பை போடும் அப்ரைட்டையே வாங்கிவிடுங்கள். பைக்கு வருஷத்துக்கு ஆகும் செலவு டாக்டரிடம் ஒருமுறை போகும்போது நாம் கட்டும் கோ-பேயைத் தாண்டாது.

அடுத்தது தலைமுடி. கடைக்காரர் சொல்லாத விஷயம் இது. நம் வீடுகளில் நீளமான முடி அதிகம், பிரஷ் ரோலில் அது நூல்கண்டு போல் சுற்றிக்கொள்ளும். பாதிப் பேர் "மெஷின் பழசாகிவிட்டது, இழுக்கவில்லை" என்று புதிது வாங்குவது இதனால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைக் குப்புறப் போடுங்கள். ரோலில் பள்ளமாக ஒரு கோடு இருக்கும். சின்னக் கத்தரிக்கோலின் ஒரு முனையை அதில் விட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெட்டினால் முடி அடை அடையாகக் கழன்று வரும். இரண்டு ஓரத்திலும் பேரிங் அருகே மறைந்திருப்பதையும் கிள்ளி எடுக்க வேண்டும், அங்கேதான் சூடேறும். சில மாடல்களில் ரோலையே கழற்றி எடுக்கலாம். வாங்கும்போது இதைப் பாருங்கள். ரோலைச் சுழற்றுவது பெரும்பாலான மலிவு மெஷின்களில் ஒரு ரப்பர் பெல்ட். அது நாளடைவில் தளரும், அல்லது கார்ப்பெட் நுனியோ சாக்ஸோ மாட்டும்போது அறும். மெஷின் சத்தம் போடும், பிரஷ் மட்டும் சுற்றாது. பெல்ட் விலை சில டாலர்கள்தான். குப்பை எடுக்கும் நாளில் தெருவோரம் நிற்கும் வேக்குவங்களில் பாதி அந்தச் சில டாலர் பெல்ட்டுக்காக வீசப்பட்டவை என்பது என் சந்தேகம்.

கார்டு இல்லாத ஸ்டிக் மெஷின் அழகாக இருக்கிறதே என்று உங்கள் மனைவி கேட்டிருக்கிறார். மரத்தரைக்கு அது அருமை. வீடு முழுக்கக் கார்ப்பெட் என்றால் அதே காசுக்கு கார்டு உள்ள அப்ரைட் நிறையவே தரும். பேட்டரி சில வருஷத்தில் களைத்துவிடும், புது பேட்டரி விலையில் பாதி அப்ரைட் வாங்கலாம்.

விலை பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டு. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். 199.99 என்று ஒட்டியிருப்பது பில்லில் 213 ஆகும். நவம்பர் கடைசியில் தள்ளுபடி வரும், காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். கம்பெனியே சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு மெஷின்களும் நல்ல பேரம்தான், வாரன்டி எத்தனை மாதம் என்று மட்டும் படியுங்கள். ஊர் திரும்புகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடும் மூவிங் சேலில் வேக்குவம் வாங்குவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். மேஜை வாங்குங்கள், கட்டில் சட்டம் வாங்குங்கள். அடுத்தவர் வீட்டுத் தூசியும், சமயத்தில் மூட்டைப்பூச்சியும் உள்ளே உட்கார்ந்திருக்கும் சாமான் இது. நீங்கள் ஒருநாள் ஊருக்குத் திரும்பினால் இதைக் கொண்டுபோகவும் முடியாது, அங்கே 230 வோல்ட்.

கார்ப்பெட் கெட்டால் வாடகை டெபாசிட்டில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பெரிய மெஷின் வாங்க நினைக்கிறீர்கள் என்று தோன்றியது. அந்தப் பயம் வேண்டாம். இந்த மாநிலத்தில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. காலி செய்த 30 நாளுக்குள் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். நடந்து நடந்து கார்ப்பெட் தேய்வது சாதாரணத் தேய்மானம், அதற்குக் காசு பிடிக்க முடியாது. கார்ப்பெட்டில் பிடிப்பது பெரும்பாலும் கறைக்குத்தான். சாம்பார் கொட்டி மஞ்சள் ஏறினால் எந்த விலை வேக்குவமும் அதை எடுக்காது. ஈரத்தை அப்ரைட்டால் இழுக்கவும் கூடாது, ஷாக் அடிக்கும் அபாயம் உண்டு. கொட்டிய உடனே துணியால் ஒற்றி எடுங்கள். காலி செய்யும்போது சூப்பர் மார்க்கெட்டிலேயே கார்ப்பெட் அலசும் மெஷின் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிட்டால் அதுவும் தேவைப்படாது.

இப்போது சனிக்கிழமை ஆள். அவர் என்ன செய்வார் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் வேக்குவம் இருந்தால் அதை முதலில் ஓட்டச் சொல்வார். அப்புறம் தன் மெஷினில் வட்டமாக ஒரு துணி ஃபில்டரை மாட்டி, அதே இடத்தில் நாலு இழு இழுத்து, கறுத்துப்போன துணியைக் கார்ப்பெட்டின் மேல் வைப்பார். அடுத்த துணி, அடுத்த துணி என்று வரிசையாக அடுக்குவார். கடைசியில் மெத்தையிலும் ஒன்று. உங்கள் பிள்ளை இதில்தான் தவழ்கிறான் என்பார். பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும். ஆனால் கார்ப்பெட் என்றால் எத்தனை முறை இழுத்தாலும் ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும், நல்ல மெஷின் எதைக் கொண்டு இழுத்தாலும் வரும். அப்புறம் விலை. 2,000 டாலரை ஒட்டித் தொடங்கும். மேனேஜருக்குப் போன் போட்டு இறங்கும். மாதம் இவ்வளவுதான் என்று தவணையில் முடியும். மெஷின் கனமாக, உறுதியாக இருக்கும், அதை மறுக்கவில்லை. உங்களுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். கிரெடிட் ஹிஸ்டரி இப்போதுதான் தொடங்குகிற நேரத்தில் வேக்குவத்துக்கு ஒரு கடன் எதற்கு?

நாளைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருவேளை வந்து, கூச்சத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால் பதற வேண்டாம். வீட்டுக்கு வந்து விற்கும் 25 டாலரோ அதற்கு மேலோ உள்ள பொருளை மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம், இது மத்திய அரசின் விதி. இந்தக் கணக்கில் சனி வேலை நாள், ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் இல்லை. சனிக்கிழமை கையெழுத்து என்றால் திங்கள், செவ்வாய், புதன். ரத்துப் படிவம் இரண்டு பிரதி அவர் உங்களிடம் தர வேண்டும். ஒன்றில் கையெழுத்திட்டு, அஞ்சலகத்தில் சான்றோடு அனுப்பி, மற்றதை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நேரத்தில் உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெளியே வைத்திருக்கும் மாடல்களை இருவரும் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 12 முதல் 17 பவுண்டு வரை இருக்கும், இரண்டு மாடி ஏற்றுவதும் அலமாரியில் வைப்பதும் நீங்கள்தான். கட்டிலுக்கு அடியில் மெஷினின் தலை நுழையுமா என்று கட்டிலின் உயரத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரசீதையும் பெட்டியையும் கடையின் ரிட்டர்ன் காலம் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். புது மெஷின் முதல் நாள் டப்பா நிறைய எடுக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு முன்னால் குடியிருந்தவருடையது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஓட்டினால் கீழ் வீட்டுக்காரர் அபார்ட்மென்ட் ஆபீஸில் புகார் கொடுப்பார்.