லூத்தர் பாடச் சொன்னார், ஸ்விங்லி வாயை மூடச் சொன்னார்

கேள்வி: கத்தோலிக்க இசைக்கும் புராட்டஸ்டண்ட் இசைக்கும் அப்படி என்னங்க வித்தியாசம்? ரெண்டும் ஒரே ஏசுவுக்குத்தானே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முக்கியமா யார் பாடுறாங்கங்கிறதுதான். அந்தக் காலத்து ஐரோப்பாவுல பூசைப் பாட்டெல்லாம் லத்தீன், பாடுறது சாமியாரும் பாடகர் குழுவும், ஜனங்க பெரும்பாலும் கேட்டுட்டு நிப்பாங்க. புராட்டஸ்டண்ட் இயக்கத்த ஜெர்மனியில தொடங்கி வச்ச லூத்தர் வந்து எல்லாரும் ஜெர்மன்லயே பாடுங்கன்னுட்டார், 1524-ல வெறும் 8 பாட்டோட ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு, அங்கதான் ஆரம்பம். அதுக்காக புராட்டஸ்டண்ட்னாலே பாட்டுக்காரங்கன்னு நெனச்சுடாதீங்க, சுவிட்சர்லாந்து சூரிச்ல இன்னொரு புராட்டஸ்டண்ட் தலைவர் ஸ்விங்லி, இத்தனைக்கும் அவரே பல வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்சவர், ஆராதனையில இசையே வேணாம்னுட்டார், 1527-ல பெரிய சர்ச்சோட ஆர்கனையே கழட்டிட்டாங்க (எனக்கு இன்னும் ஆறல!). ஜெனீவாவுல அதே மாதிரித் தலைவர் கால்வின் நடுவழி, பெரும்பாலும் பைபிள்ல இருக்கிற சங்கீதப் பாட்டுகள, வாத்தியமில்லாம, எல்லாரும் ஒரே குரல்ல.

வேடிக்கை என்னன்னா, பக்கா லூத்தரனான ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், 1733-ல கத்தோலிக்க ஆட்சியாளர் ஒருத்தருக்கு லத்தீன்ல பூசை இசை எழுதி அனுப்பினார், அரசவைப் பட்டம் ஒண்ணு கெடைக்குமான்னுதான். கத்தோலிக்கர் பூசையில தாய்மொழி தாராளமா வந்தது 1960-கள்ல, ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (கத்தோலிக்க ஆயர்களோட உலகக் கூட்டம்) அப்புறம்தாங்க.