மறுமொழி: ஊரடங்கில் எதையும் முடிக்க முடியவில்லை

வணக்கம் நண்பரே. மூன்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து ஒன்றையும் முடிக்கவில்லை, நான் சோம்பேறி என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டத்தை நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள். இத்தனை நாளும் வேலைக்குக் கிளம்பும் நேரமும் பஸ் நேரமும் உங்களை இழுத்துக்கொண்டு போயின. அவை ஒரேயடியாக நின்றுபோனால் யாருக்கும் மனசு தடுமாறத்தான் செய்யும்.

இரண்டு வகுப்பை இப்போதைக்கு மூடி வையுங்கள். மிச்சமிருப்பதை தினமும் தவறாமல் செய்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள்: குளித்துவிட்டு வந்ததும் நோட்டைத் திறந்து பத்து நிமிடம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். முந்தின இரவே, அடுத்துப் படிக்கவேண்டிய பக்கத்தில் பேனாவைச் செருகி மேஜைமேல் வைத்துவிடுங்கள். எங்கே விட்டோம் என்று தேடும் நேரத்தில்தான் கை போனைத் தேடிப் போகிறது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். உளவியல் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 2009-இல் லண்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கண்டார்கள்; நடுமதிப்பு 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகக் கெடுக்கவில்லை. அதனால் நேற்று விட்டிருந்தாலும் இன்று உட்காருங்கள்.

தூக்கம் கெட்டு, எதிலுமே பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மட்டும் டாக்டரிடம் போனிலாவது பேசிவிடுங்கள். எந்த வகுப்பை வைத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.