முனை உதிர்ந்த எத்ரோக்கும் கடைக்காரரின் பூதக்கண்ணாடியும்

கேள்வி: டெல் அவிவ் அருகே ஒரு யூதப் பெரியவரைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். அவரால் சந்தைக்குச் செல்ல முடியாததால், கூடாரப்பண்டிகைச் சடங்குக்கு வேண்டிய நான்கு தாவர வகைகளையும் (எத்ரோக், லூலாவ், ஹடாஸ், ஆற்றலரி) என்னையே வாங்கி வரச் சொல்கிறார். முனை இல்லாத எத்ரோக் (எலுமிச்சைக் குடும்பத்துச் சிட்ரான் பழம்) செல்லாது என்று கூறி, பூதக்கண்ணாடியில் புள்ளிகளையும் தேடிக் காட்டி, பல நூறு ஷெக்கல் விலையுள்ள பழத்தையே கடைக்காரர் காட்டுகிறார். அவர் சொல்வது உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. பழத்தின் நுனியில் பித்தாம் என்னும் சிறு குமிழ் இருந்து, பறித்த பிறகு ஒடிந்திருந்தால் முதல் நாள் சடங்குக்கு அது ஆகாது. மரத்தில் இருக்கும்போதே அது இயல்பாக உதிர்ந்துவிடும் ரகங்கள் உண்டு, அவற்றுக்குக் குறையில்லை. நுனியில் ஒடிந்த தழும்பு தெரிகிறதா, இயல்பான குழிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பூதக்கண்ணாடியைக் கண்டு மிரள வேண்டாம். நுனியை நோக்கிச் சரியும் மேற்பகுதியில் கரும்புள்ளி இருக்கக் கூடாது என்பது விதிதான். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியே கணக்கில் சேரும். கண்ணாடி வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் புள்ளி விலையை ஏற்றத்தான் பயன்படுகிறது. பழம் சமய விதிப்படி தகுதியானது என்று சான்றளிக்கும் குழுக்களின் முத்திரைகளின் கதையும் ஏறக்குறைய இதுவே: ஒவ்வொரு குழுவின் முத்திரைக்கும் விலை கூடுகிறதே தவிர, எது போதும் என்று எளிய மனிதருக்குச் சொல்ல எவரும் முன்வருவதில்லை. எலுமிச்சையோடு ஒட்டுக்கட்டிய மரத்தின் பழம் செல்லாது என்பதாலும், அதை நாம் கண்ணால் உறுதி செய்ய இயலாது என்பதாலும், நம்பகமான ஒரு முத்திரை இருந்தால் போதும். திறந்து பார்க்க விடாத பெட்டியை மட்டும் வாங்காதீர்கள்.

மற்ற மூன்றில், லூலாவ் எனும் பேரீச்சங்குருத்தின் நடு இலை நுனியில் பிளந்திருக்கக் கூடாது. ஹடாஸ் எனும் மிர்ட்டில் செடியின் கிளைகள் மூன்றிலும் ஒரே கணுவில் மூன்று மூன்று இலைகள் இருக்க வேண்டும். ஆற்றலரி எனும் வில்லோ மரத்தின் கிளைகள் இரண்டும் சீக்கிரம் வாடிவிடும், இடையில் மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்காரர்கள் சொல்லாத முக்கியமான விதி ஒன்று உண்டு. முதல் நாளில் இந்த நான்கும் அவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும், இரவல் ஆகாது. ஆகவே பாக்கி வைக்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, பண்டிகை தொடங்கும் மாலைக்கு முன்பே அவர் கையில் ஒப்படையுங்கள். வேறொருவருடையதைப் பயன்படுத்த நேர்ந்தால், ‘திருப்பித் தரும் நிபந்தனையுடன் அன்பளிப்பு’ என்று சொல்லிக் கொடுக்கும் வழி உண்டு. கப்பலில் சென்ற பண்டைய யூத அறிஞர் ரப்பான் கமலியேல், 1,000 சூஸ் (அக்கால வெள்ளி நாணயம்) கொடுத்து வாங்கிய தம் லூலாவைத் தோழர்களுக்கு அன்பளிப்பாகவே தந்தார் என்றும், அது கைமாறி இறுதியில் அவரிடமே திரும்பியது என்றும் யூதச் சமயச் சட்ட நூலான தல்மூத் கூறுகிறது. ஆனால் சிறுவர்களிடம் இந்த வழி எடுபடாது. அன்பளிப்பைப் பெறும் உரிமை சிறுவனுக்கு உண்டு, திருப்பித் தரும் தகுதி இல்லை. பேரன் ஆசையாகக் கேட்கிறான் என்று பெரியவர் தம் சடங்கை முடிக்குமுன் அவனுக்கே கொடுத்துவிட்டால், பொருள் அவனுடையதாகிவிடும். முதலில் பெரியவர் முடிக்கட்டும்.

சடங்கு பகலில் மட்டுமே. ஓய்வுநாளான சனிக்கிழமையில் இல்லை. வலக்கையில் லூலாவ், ஹடாஸ், ஆற்றலரி மூன்றும் சேர்ந்த கட்டு, இடக்கையில் நுனி கீழே இருக்குமாறு எத்ரோக். லூலாவுக்குரிய ஆசியையும், இந்தப் பண்டிகையில் முதல் முறை என்றால் ‘ஷெஹெக்கியானு’ எனும் நன்றி ஆசியையும் சொன்னபின், பழத்தை நிமிர்த்தி ஆறு திசைகளிலும் அசைப்பார். பிறகு 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள் தொடரும். உட்கார்ந்தபடி செய்ய நேர்ந்தாலும் சடங்கு செல்லும். நீங்கள் அவர் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஏழாம் நாளான ஹோஷானா ரப்பாவில் தரையில் அடிப்பதற்கு, வழக்கமாக ஐந்து ஆற்றலரிக் கிளைகள் கொண்ட தனிக்கட்டு ஒன்று தேவைப்படும். அதற்கு முந்தைய நாள் தனியே வாங்கினால் போதும். முழுத்தொகுப்போடு சேர்த்து இப்போதே விற்கப் பார்ப்பார்கள், அதற்குள் இலைகள் கருகிவிடும்.