ரேஞ்ச் ரோவர்: ஓராண்டில் என்ன மாறியது?

கேள்வி: மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் டீசல் காரின் 2010, 2011 மாடல்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றனவே, வேறுபாடு ஏதும் உண்டா?

பதில்: பெரிய வேறுபாடு பானெட்டுக்கு அடியில்தான். 2010 மாடலில், முள் மீட்டர்களுக்குப் பதிலாக 12.3 அங்குலத் திரை வந்து கண்ணைக் கவர்ந்தாலும், டீசல் வண்டியில் பழைய 3.6 லிட்டர் வி8 என்ஜினும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் அப்படியே தொடர்ந்தன. 313 குதிரைத்திறன் கொண்ட 4.4 லிட்டர் என்ஜினும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் 2011 மாடலில்தான் சேர்ந்து வந்தன. கூடவே கியர் லீவர் மறைந்து, திருகும் குமிழ் ஒன்று அதன் இடத்தைப் பிடித்தது. என் கணிப்பில், கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த மாற்றம் இதுவே. பழைய வண்டி வாங்கும்போது பதிவு ஆண்டை மட்டும் நம்பாமல் (2011 மாடல் 2010 இறுதியிலேயே பதிவாகியிருக்கலாம்), அந்தக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்.